காற்றுக்கு ஒரு பிராயச்சித்தம்

யாழ்ப்பாணக் குடாநாடு சுண்ணாம்புக்கல்லின் மேல் கிடக்கிறது. நுண்துளைகள் மலிந்த அந்தக் கல்தான் நம் கிணறுகளுக்கும் கீரிமலைக் கேணிக்கும் நீர் தருகிறது. சுத்தமான சுண்ணாம்புக்கல்லின் எடையில் 44 வீதம், கடலுயிர்கள் ஓடாகக் கட்டிவைத்த காபனீரொட்சைட்டு. காங்கேசன்துறைச் சீமெந்து ஆலை 1990 வரை அக்கல்லை அகழ்ந்து சுட்டது. சூளையில் விடுபட்ட வாயு காற்றில் கலந்தது. இன்று உலோக-சேதனச் சட்டகங்கள் எனும் நுண்துளைப் பொருள்களால் அதே வாயுவைக் காற்றிலிருந்தே பிடிக்க முடிகிறது. அத்துறையை வளர்த்த கிற்றகாவா, ரொப்சன், யாகி மூவருக்கும் 2025இல் இரசாயனவியல் நோபல் பரிசு கிடைத்தது. விட்டதைத் திரும்பப் பிடிப்பது பிராயச்சித்தம் ஆகுமா?

ஆகும், இனி விடுவதில்லை என்ற உறுதி கூட இருந்தால். தீர்த்தமாடிவிட்டு அதே பிழைக்குத் திரும்புபவரை எந்தத் தீர்த்தமும் கழுவாது. கணக்கும் இதையே சொல்கிறது. காற்றின் 10,000 மூலக்கூறுகளில் நான்குக்குச் சற்றுக் கூடுதலே காபனீரொட்சைட்டு. அவ்வளவு ஐதாகக் கலந்ததைப் பிடிக்கவும், சூடேற்றிப் பிரிக்கவும், நிலத்தடியில் அடைக்கவும் பெரும் சக்தி செலவாகும். எரிபொருளை எரிக்காமலும் கல்லைச் சுடாமலும் விடுவதற்கு அந்தச் செலவில்லை. அப்படியானால் இந்த நுண்துளைப் பொருள்கள் பாவத்துக்கு அனுமதிச் சீட்டுத்தானே என்பர் சிலர். ஏற்கமாட்டேன். வினை செய்தவரையே சேரும் என்கிறது நம் சைவ சித்தாந்தம். இந்த வாயுவோ செய்யாதவரை வருத்துகிறது. நாளையே எல்லாச் சூளையும் அணைந்தாலும், கலந்தது நூற்றாண்டுகள் நிற்கும். அது தேக்கும் வெப்பத்தால் உயரும் கடல் நம் கிணறுகளில் உவரேற்றும். பிறக்காத பிள்ளைகளின் தண்ணீரைப் பணயம் வைத்து நம் மனத்தூய்மையைக் காக்க முடியாது. இந்த வாயுவை விட்டதில் இலங்கையின் பங்கு சிறிதென்பதும் உண்மையே. ஆகவே அதிகம் எரித்த நாடுகளே முதலில் எரிப்பதைக் குறைக்கவும், பிடிக்கும் செலவைச் சுமக்கவும் கடமைப்பட்டவை.