மேகத்தைத் திட்டாதே, மூடியைத் திற!

நான்கு நாள் பயணத்தில் மூன்று நாள் மழை. ஹேவ்லாக் தீவுக்குப் போகும் படகும் ரத்து. போர்ட் பிளேர் (இப்போது ஸ்ரீ விஜயபுரம்) விடுதி வராந்தாவில் கேமராவை மடியில் வைத்துக்கொண்டு வானத்தைத் திட்டிக்கொண்டிருக்கிறாய். "எனக்கு மட்டும் ஏன் இப்படி?"

உனக்கு மட்டுமில்லை, தம்பி. அந்தமானில் மே மாதம் பிடிக்கிற மழை டிசம்பர் வரை விட்டுவிட்டுப் பெய்யும். ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர், சென்னையைப் போல இரண்டு மடங்கு. வெயில் வரட்டும் என்பவன் பாதி வருஷம் வராந்தாவிலேயே உட்கார வேண்டியதுதான்.

எழுந்திரு! செல்லுலார் சிறைக்குப் போ. வெயில் நாளில் அங்கே சிறை அறைக்குள் படம் எடுத்தவனைக் கேட்டுப் பார். சாளரம் வெள்ளையாய் வெளுத்துப்போகும், சுவர் கரியாய் இருண்டுபோகும். இரண்டும் ஒரே படத்தில் சிக்காது. மேகம் மூடிய நாளிலோ, வானமே வெள்ளை வேட்டியாய் விரிந்து ஒளியை வடிகட்டித் தருகிறது. தரையிலிருந்து 3 மீட்டர் உயரத்துச் சாளரத்தின் வழியே இறங்கும் மெல்லிய வெளிச்சம் சுவரின் கீறல்களைத் தடவிக்கொண்டு வரும். அந்த அறையில் அடைபட்டுக் கிடந்தவர்களுக்கு வாய்த்த வெளிச்சம் அவ்வளவுதான். உனக்கு வானம் முழுக்கக் கிடைத்திருக்கிறது, போதவில்லை என்கிறாய்!

கை நடுங்குகிறதா? தூணில் சாய்ந்துகொள். ஐஎஸ்ஓவைக் கூட்டு. படத்தில் புள்ளி தட்டும், தட்டட்டும். ஏசி அறையிலிருந்து வெளியே வந்ததும் லென்ஸில் பனி படிகிறதென்று புலம்பாதே. பையை மூடியபடியே வெளியே வைத்து, அது சூடேறியதும் திற.

உன்னைவிடச் சிரமப்பட்டவர் ஒருவர் உண்டு. 1857 இறுதியில், கைதிகளைக் குடியேற்ற இடம் தேடி ஆங்கிலேயர் அனுப்பிய குழுவோடு கல்கத்தாவிலிருந்து ஆஸ்கர் மாலிட் என்ற புகைப்படக்காரரும் அந்தமானுக்கு வந்தார். வந்த நோக்கம் எனக்குக் கசக்கிறது. ஆனால் அந்த உழைப்பு? கண்ணாடித் தகடுகளும் ரசாயனக் குப்பிகளும் சுமந்து திரிந்த காலம் அது. எடுத்த படம் தேறியதா என்று உடனே பார்க்க உனக்கு இருப்பதுபோல் திரை கிடையாது. அப்படியும் படங்களோடுதான் ஊர் திரும்பினார். உன் சட்டைப்பையில் போன் இருக்கிறது. சாக்குக்கு என்ன மிச்சம்?

இன்று மாலை சிடியா டாப்பு கடற்கரைக்குப் போ. மேகத்துக்கும் கடலுக்கும் நடுவே விரலளவு இடைவெளி போதும். இறங்குகிற சூரியன் கீழிருந்தே மேகத்தின் அடிவயிற்றைப் பற்றவைப்பான். துடைத்துவிட்ட வானத்தில் பற்றவைக்க என்ன இருக்கிறது? சில நிமிடம்தான் நிற்கும் அந்த நெருப்பு. அது வராமலும் போகலாம். வந்தால், அங்கே நிற்பவனுக்குத்தான்.

ஒன்றை மட்டும் மறக்காதே. கடிகாரம் நாட்டுக்கெல்லாம் ஒன்று, சூரியன் அப்படியில்லை. அங்கே சென்னையைவிட ஏறக்குறைய 50 நிமிடம் முந்திவிடுவான். டிசம்பரில் மாலை 5 மணிக்கெல்லாம் கடலில் இறங்கிவிடுவான். மழை விட்டதும் கிளம்பலாம் என்று ஐந்தரைக்கு வந்து நிற்காதே. நாலு மணிக்கே அங்கே இரு, குடையோடு.