ஈஜாபுக்கும் கபூலுக்கும் இடையில்

அவசரக் கருத்தடை மாத்திரை என்ற பேச்சு எழுந்ததுமே, மார்க்கப் பற்றுள்ள நம் குடும்பங்களில் பலர் சொல்லும் முதல் வார்த்தை 'சிசுக்கொலை' என்பதாகும். வேறு சில வீடுகளிலோ, அதைத் தலைவலி மாத்திரைபோல் எண்ணி, ஒரு கேள்வியும் கேட்காமல் விழுங்கிவிடுகிறார்கள். கொலை என்பாரும் குடித்துவிடுவாரும் ஒரு விஷயத்தில் ஒன்றுபட்டிருக்கிறார்கள். அம்மாத்திரை உடலுக்குள் போய் என்ன செய்கிறது என்பதை இரு சாராரும் விசாரிப்பதில்லை. ஒரு பொருளின் தன்மையைச் சரியாக அறிந்த பின்பே அது கூடும், கூடாது என்று தீர்ப்புச் சொல்ல முடியும் என்பது ஃபிக்ஹுக் கலையில் பாலபாடம். ஆகவே முதலில் விசாரணை, பிறகு மஸ்அலா.

பெண்ணின் சூலகத்திலிருந்து மாதத்துக்கு ஒரு முறை, பெரும்பாலும் அடுத்த ஹைளுக்கு ஏறத்தாழ 14 நாட்களுக்கு முன்னர், ஒரு சினைமுட்டை வெளிப்படுகிறது. அதன் ஆயுள் ஒரு நாளுக்கு மேல் இல்லை. ஆணின் விந்தணுவோ பெண்ணுடலுக்குள் 5 நாள் வரை உயிரோடு காத்திருக்கும். எனவே கணவன் மனைவி கூடிய அந்த நாழிகையிலேயே கரு உண்டாகிவிடுகிறது என்று எண்ணுவது தவறு. பல சமயங்களில் இரண்டு மூன்று நாட்கள் கழித்து முட்டை வந்த பிறகே கரு தரிக்கிறது. இந்த இடைவெளியில்தான் மாத்திரை வேலை செய்கிறது. லெவோநார்ஜெஸ்ட்ரல் என்னும் ஹார்மோன் மருந்து 1.5 மில்லிகிராம் அளவில் ஒரே வேளையாக உட்கொள்ளப்படுகிறது. முட்டையை வெளியேறச் செய்ய மூளையின் அடியிலுள்ள சுரப்பி அனுப்பும் கட்டளையை அது தடுக்கிறது. முட்டை வரத் தாமதமாகிறது. காத்திருந்த விந்தணு வீணாகிறது. அவ்வளவுதான் அதன் வேலை. முட்டை ஏற்கெனவே வெளிவந்துவிட்டாலோ, வெளிவரும் கட்டளை பிறந்துவிட்டாலோ மாத்திரையால் பயனில்லை. கர்ப்பம் தரித்துவிட்ட பெண் அறியாமல் விழுங்கினாலும் அக்கர்ப்பம் கலையாது; குழந்தைக்கும் ஊனம் வராது.

அப்படியானால் கொலை என்ற பேச்சு எங்கிருந்து வந்தது? ஒரு காரணம் மருந்துப் பெட்டியிலேயே இருந்தது. கருவுற்ற முட்டை கருப்பையில் பதிவதையும் இம்மாத்திரை தடுக்கக்கூடும் என்று அமெரிக்காவில் விற்ற பெட்டிகளின் உள்தாளில் முன்பு அச்சிட்டிருந்தார்கள். பிற்கால ஆய்வுகள் அதற்குச் சான்று காணவில்லை. 2022 டிசம்பரில் அந்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை அவ்வாசகத்தை நீக்கச் செய்தது. இந்த விவரம் நமக்கு ஏன் முக்கியம் என்பது இமாம் கஸ்ஸாலி (ரஹ்) அவர்களிடம் போனால் விளங்கும்.

நபி (ஸல்) அவர்கள் காலத்தில் ஸஹாபாப் பெருமக்களில் சிலர் 'அஸ்ல்' செய்துவந்தார்கள். கூடலின்போது விந்தைப் பெண்ணுக்குள் விடாமல் வெளியே விடுவதற்கு அப்பெயர். குர்ஆன் இறங்கிக்கொண்டிருந்த காலத்திலேயே தாங்கள் அதைச் செய்ததாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிப்பதை புகாரீ, முஸ்லிம் இரண்டிலும் காண்கிறோம். அஸ்லை மறைமுகமான உயிர்ப்புதைப்பு எனக் கண்டிக்கும் ஜுதாமா (ரலி) அவர்களின் அறிவிப்பும் முஸ்லிமில் உண்டு. யூதர்கள் அதைச் சிறு உயிர்ப்புதைப்பு என்று சொன்னபோது நபியவர்கள் அதை மறுத்த செய்தி அபூதாவூதில் இருக்கிறது. இவற்றைச் சீர்தூக்கிய இமாம்களில் பெரும்பாலோர் அஸ்ல் ஹராம் அல்ல என்றே முடிவு கண்டார்கள். விரும்பத்தகாதது என்றார் பலர்; தடையில்லை என்றார் பலர்.

இமாம் கஸ்ஸாலி அவர்கள் இஹ்யாவின் திருமண ஒழுக்கங்கள் பற்றிய பகுதியில் இதை ஓர் உவமையால் தெளிவாக்குகிறார்கள். ஆணின் நீரும் பெண்ணின் நீரும் ஓர் ஒப்பந்தத்தின் ஈஜாபும் கபூலும் போன்றவை. ஒருவன் விற்கிறேன் என்று சொல்லிவிட்டு, மற்றவன் வாங்கினேன் என்று சொல்வதற்கு முன் பின்வாங்கிக்கொண்டால் ஒப்பந்தத்தை முறித்தவன் ஆகமாட்டான். இரண்டும் சேர்ந்த பிறகு பின்வாங்கினால் அது முறிவு. அவ்வாறே இரு நீரும் கலந்து உயிரை ஏற்க ஆயத்தமான பின் அதைக் கெடுப்பது குற்றம். சதைத்துண்டான பின் கெடுப்பது அதைவிடக் குற்றம். ரூஹு ஊதப்பட்ட பின் இன்னும் கடுமை. தொடக்க நாட்களைக் குறித்து இமாமைவிட இளக்கமாகப் பேசிய சட்ட அறிஞர்களும் உண்டு. நாம் வேண்டுமென்றே கடுமையான அளவுகோலையே எடுத்துக்கொள்கிறோம். அதிலும் இம்மாத்திரை ஈஜாபுக்கும் கபூலுக்கும் இடையில்தான் நிற்கிறது. இரு நீரும் சந்திக்காமல் செய்வதே அதன் வேலை. ஆகவே அதை அஸ்லின் வரிசையில் வைக்கவேண்டுமே தவிர, கருக்கலைப்பின் வரிசையில் வைக்கலாகாது.

இதே அளவுகோலை நம் வீட்டுச் சமையலறைப் பக்கமும் திருப்பிப் பார்க்கவேண்டும். நாள் தள்ளிப்போயிற்று என்றதும் எள்ளும் வெல்லமும் இடித்துக் கொடுப்பதும் பப்பாளிக்காயைத் தேடுவதும் தலைமுறை தலைமுறையாக நடக்கிறது. அது பலிக்கிறதோ இல்லையோ, தரித்திருந்தால் கலையட்டும் என்ற நிய்யத்தில் செய்வதல்லவா அது? மாத்திரையைக் கொலை என்று வைகிற பெரியம்மாவே எள்ளுருண்டையும் பிடித்துக் கொடுக்கிறார். இமாமின் கணக்கில் எது கடுமையானது என்பதை அவரே சொல்லட்டும்.

மிஃபெப்ரிஸ்டோன், மிஸோப்ரோஸ்டால் என்னும் மாத்திரைகள் முற்றிலும் வேறு. அவை தரித்த கருவைக் கலைப்பவை. மருத்துவர் மேற்பார்வையின்றி அவற்றை உட்கொள்வது உயிருக்கே ஆபத்தாக முடியலாம். கடையில் 'அந்த மாத்திரை' என்று கூச்சத்தோடு கேட்டு வாங்குவதால் ஒன்றுக்கு மற்றொன்று மாறிவிட இடமுண்டு. பெயரைச் சொல்லிக் கேளுங்கள். கூடிய 5 நாட்களுக்குள் மருத்துவர் பொருத்தும் காப்பர்-டி இன்னும் பலன் மிக்கது. ஆனால் அது கருவுற்ற முட்டை பதிவதையும் தடுக்கக்கூடும் என்பதால் இமாமின் உவமைப்படி அதன் கணக்கு வேறு. அதைத் தனியே ஆலிம்களிடம் கேட்கவேண்டும்.

கொலை அல்ல என்று ஆகிவிட்டதால் கேள்வி தீர்ந்துவிடவில்லை. உண்மையான கேள்வி இங்கேதான் தொடங்குகிறது: எதற்காக, யாருடைய சம்மதத்தோடு? கஸ்ஸாலி அவர்கள் அஸ்லுக்கான நிய்யத்துகளைப் பிரித்துக் காட்டுகிறார்கள். பிரசவத்தில் மனைவியின் உயிருக்கு அஞ்சுவதும், பிள்ளைகள் பெருகி வருமானத்துக்காகத் தவறான வழியில் இறங்க நேருமோ என அஞ்சுவதும் தடுக்கப்பட்டவை அல்ல. பெண் பிள்ளை பிறந்துவிடுமே என்று அஞ்சுவது கெட்ட நிய்யத்து.

சம்மத விஷயம் இதைவிட நுட்பமானது. அஸ்ல் ஆணின் கையில் இருந்தது. ஆகவே ஹனஃபீ, மாலிகீ, ஹன்பலீ அறிஞர்கள் மனைவியின் அனுமதி வேண்டும் என்றார்கள். மாத்திரையோ பெண்ணின் கையில் இருக்கிறது. வளைகுடாவிலிருந்து 40 நாள் விடுமுறையில் வரும் கணவர், மடியில் ஆறு மாதக் குழந்தை, சென்ற பிரசவம் அறுவைச் சிகிச்சை என்று ஒரு வீட்டை எண்ணிப்பாருங்கள். ஒரு பிரசவத்துக்குப் பின் அடுத்த கர்ப்பத்துக்கு 24 மாத இடைவெளி நல்லது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. திருமறையும் பாலூட்டலுக்கு இரண்டு ஆண்டுகளைக் குறிப்பிட்டு, அதற்கு முன் பால்மறக்கச் செய்வதானால் பெற்றோர் இருவரும் கலந்தாலோசித்து மனமொப்பிச் செய்யச் சொல்கிறது (2:233). பால்குடிக்கே இத்தனை ஆலோசனை என்றால், அடுத்த குழந்தை எப்போது என்பதற்கு எவ்வளவு வேண்டும்! கணவருக்குத் தெரியாமல் ஒளித்து விழுங்குவது முறையன்று என்பதே எம் கருத்து. ஆனால் மனைவி ஒளிக்க நேர்ந்தால், அவள் வாய்திறக்க முடியாதபடி வீட்டை வைத்திருப்பவர் யார் என்று கணவரும் மாமியாரும் தம்மைக் கேட்டுக்கொள்ளட்டும்.

பலவந்தத்துக்கு ஆளான பெண்ணின் நிலை வேறு. அவள்மீது பாவம் இல்லை. மானம் போய்விடும் என்று அவளை வீட்டுக்குள் பூட்டிவைத்து மணிக்கணக்கைக் கடத்துவதுதான் அநியாயம். உடனே மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லவேண்டும். அங்கே கொடுக்கப்படும் மருந்துகளில் இதுவும் ஒன்று.

இனி உபயோகம். கூடிய 72 மணி நேரத்துக்குள் உட்கொள்ளவேண்டும். எவ்வளவு சீக்கிரமோ அவ்வளவு பலன். உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வொன்று 1998இல் வெளியானது. உண்டாகியிருக்கக்கூடிய கர்ப்பங்களில், முதல் 24 மணி நேரத்துக்குள் உட்கொண்டபோது 95 சதவீதமும், இரண்டாம் நாளில் 85 சதவீதமும், மூன்றாம் நாளில் 58 சதவீதமும் தவிர்க்கப்பட்டதாக அது கூறியது. இந்தியாவில் 2005 முதல் மருத்துவர் சீட்டின்றி விற்க அனுமதி உண்டு. ஆயினும் தமிழ்நாட்டில் பல கடைகள் வைத்திருப்பதில்லை. பெண் மருத்துவரையோ அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தையோ நாடலாம். பாலூட்டும் தாய் உட்கொள்ளலாம். காசநோய்க்கும் வலிப்புக்கும் தரப்படும் சில மருந்துகள் இதன் பலனைக் குறைக்கும் என்பதால் அவற்றைச் சாப்பிடுவோர் மருத்துவரிடம் சொல்லவேண்டும். முட்டையைத் தள்ளிப்போடும் மருந்தாதலால், விழுங்கிய மறுநாள் கூடினால் அதற்குப் பாதுகாப்பு இல்லை. மாதந்தோறும் தேவைப்படுமானால் அதற்கு அவசரம் என்று பெயரில்லை. வேறு வழியை மருத்துவரிடம் கேட்பதே அறிவு. அடுத்த ஹைளு ஒரு வாரத்துக்கு மேல் தாமதித்தால் கர்ப்பப் பரிசோதனை செய்யவேண்டும். ஆம், தவறியும் போகும். அஸ்ல் செய்ய அனுமதி கேட்டவரிடம், விரும்பினால் செய், விதித்தது வந்தே தீரும் என்ற கருத்தில் நபியவர்கள் கூறினார்கள். பின்னர் அவர் வந்து, அப்பெண் சூல்கொண்டாள் என்றே சொன்னார்.

மாத்திரைக்குப் பின் இடையில் இரத்தம் காண்பதுண்டு. அதைப் பார்த்ததும் தொழுகையை விட்டுவிடலாகாது. இரண்டு ஹைளுகளுக்கு இடையே குறைந்தது 15 நாள் சுத்தம் வேண்டும் என்பதில் ஷாஃபிஈ, ஹனஃபீ இரு மத்ஹபுகளும் ஒன்றுபடுகின்றன. முதல் நாள் தொடங்கி 6ஆம் நாளோடு ஹைளு நின்ற ஒருத்தி 18ஆம் நாள் மீண்டும் இரத்தம் கண்டால், இடையில் 11 நாட்களே ஆகின்றன. எனவே அது இஸ்திஹாளா. கழுவி, துணி வைத்துக்கொண்டு, ஒவ்வொரு வக்தும் வந்த பின் உளூச் செய்து தொழவேண்டும், நோன்பும் நோற்கவேண்டும்.

ரமளானில் பகலில் விழுங்கினால் நோன்பு முறியும். கூடல் இரவில் நிகழ்வதால் ஸஹருக்குள் விழுங்கிவிடுவது மேல். தவறினால் மஃரிபு வரை பொறுக்க 72 மணி நேரத்தில் இடமிருக்கிறது. குமட்டல் இம்மருந்தின் இயல்பு. விழுங்கிய இரண்டு மணி நேரத்துக்குள் வாந்தியானால் மருந்து வீண், மறுபடி உட்கொள்ளவேண்டும். ஸஹரில் விழுங்கி, சுப்ஹுக்குப் பின் தன்னையறியாமல் வாந்தி வந்தவளுக்கு நோன்பு முறியாது. அவள் நோன்பைத் தொடர்ந்து நோற்று, மாத்திரையை மட்டும் மஃரிபுக்குப் பின் மீண்டும் விழுங்கிக்கொள்ளலாம்.