ரங்கபூமியும் ரணபூமியும்

அமெரிக்க தேசத்தின் மேரிலாந்து மாகாணத்தில், செவெர்ன் நதி செசபீக் விரிகுடாவைச் சேரும் இடத்தருகே, 1845-ஆம் ஆண்டு முதல் நடந்துவரும் அனாபலிஸ் கடற்படைக் கல்லூரியில், கோடை விடுமுறை பிறந்துவிட்டால் பள்ளிப் பிள்ளைகளின் ஆரவாரம் எழும். நீந்தவும் குஸ்தி போடவும் பந்தாடவும் கற்றுக்கொள்வதற்காகச் சில தினங்கள் அவர்கள் அங்கே முகாமிடுகிறார்கள். அதே கோடையில், கல்லூரியில் புதிதாகச் சேர்ந்த வாலிபர்கள், மயிர் ஒட்ட வெட்டப்பட்ட தலையோடு பிரமாணம் செய்துகொடுத்து, ஆறேழு வாரம் கடும் பயிற்சியில் வாட்டப்படுகிறார்கள். இரு சாராருக்கும் வயதில் சில ஆண்டுகளே வித்தியாசம். ஆனால், விளையாட வந்தவன் ஒருவன். தன் உயிரையே ராஜாங்கத்தின் வசம் ஒப்புவிக்க வந்தவன் மற்றவன்.

இந்த இருவருக்கும் நடுவே, விளையாட்டு எந்த இடத்தில் முடிகிறது?

அங்குள்ள பந்தாட்ட அரங்கம் 1959-இல் திறக்கப்பட்டது. அதன் முகப்புகளில் மிட்வே, குவாடல்கனால், இவோ ஜிமா என்று போர்க்களங்களின் பெயர்களைப் பொறித்திருக்கிறார்கள். மாணவர் விடுதியான பான்கிராஃப்ட் மாளிகையிலோ, போரில் மாண்ட பழைய மாணவர்களின் பெயர்களைத் தாங்கிய நினைவு மண்டபம் இருக்கிறது. தரைப்படைக்குரிய வெஸ்ட் பாயிண்ட் கல்லூரியில் 1919 முதல் 1922 வரை தலைவராயிருந்த மக்கார்தர், மாணவர் அனைவரும் விளையாட்டில் இறங்கியே தீரவேண்டும் என்று விதித்தார். ஆடுகளத்தில் விதைப்பது வேறொரு களத்தில் வெற்றியாக விளையும் என்பது அவர் சித்தாந்தம். ஒளிவுமறைவற்ற பேச்சு அது. அதற்காகவேனும் அவரை மெச்சலாம்.

ஆயினும் நம் வேதாந்திகள், சிருஷ்டிக்கே ஒரு பிரயோஜனம் கற்பிக்க மனம் ஒப்பாமல், அதை லீலை என்றார்கள். பயன் கருதிய கணத்தில் லீலை தொழிலாகிவிடுகிறது. (ஓடிப் பழகியதன்றி ஒருநாளும் ஜயித்துப் பழகாத என்னைப் போன்றவர்களுக்கு இந்தச் சித்தாந்தம் மிகவும் சௌகரியமானது என்பதையும் ஒப்புக்கொள்கிறேன்.) ஆட்டக்காரன் தன் எதிராளி நாளைக்கும் வரவேண்டும் என்று விரும்புகிறான், அவன் வராவிட்டால் ஆட்டமே இல்லை, போர்வீரனோ எதிராளி இனி ஒருபோதும் வராதிருக்கவே பயில்கிறான். தைரியம், கட்டுப்பாடு, சோர்வறியாமை ஆகிய குணங்கள் இருவருக்கும் பொது. ஆகவே அந்தக் குணங்களை மட்டும் காட்டி, பிள்ளை நல்வழியில் வளர்கிறான் என்று பெற்றோர் திருப்தியடைவது போதாது. பொய் சொல்லாதே, வஞ்சிக்காதே, திருடாதே என்று அந்தக் கல்லூரிகள் வற்புறுத்தும் கௌரவ தர்மம் உயர்ந்ததுதான். ஆனால், யாரை எதிர்த்து, எதற்காக என்ற கேள்விக்கு அதில் விடையில்லை.

அந்தக் கேள்வியைப் பிள்ளையினிடம் விட முடியாது. பன்னிரண்டு வயதில் குஸ்தி குஸ்திதான். ஆட்டம் ஆட்டமாகவே நிற்கிறதா என்று பார்த்திருக்க வேண்டியவர் கற்பிக்கிறவர்.

அஸ்தினாபுரத்தில் குருகுல வித்தைகளின் அரங்கேற்றத்தன்று, பீமனும் துரியோதனனும் கதாயுதம் ஏந்தி ஜனங்களின் வேடிக்கைக்காக ஒருவரையொருவர் சுற்றிவந்தபோது, வேடிக்கை வினையாகப் போவதைக் குரு துரோணர் கண்டுகொண்டு, தம் மகன் அசுவத்தாமனை ஏவி இருவரையும் விலக்கினார். குருக்ஷேத்திரத்தில் பதினெட்டாம் நாள், அதே இருவர் அதே ஆயுதத்தோடு எதிரெதிரே நின்றபோது துரோணர் உயிரோடில்லை. அசுவத்தாமனோ, அன்றிரவு பாசறையில் உறங்கியவர்களைக் கொல்லப் போனான்.