எஞ்சிய காந்தம்

தானாகவே தொடங்குவது என்று ஒன்று உண்டா என்ற கேள்வியை நாம் பெரும்பாலும் இலக்கியப் பிரச்னையாகவே கேட்டு வந்திருக்கிறோம். யார் யாரால் பாதிக்கப்பட்டார், எது சுயம், எது இரவல் என்ற விசாரம் சிறுபத்திரிகைகளில் எத்தனை முறை நடந்து ஓய்ந்தது என்பதற்குக் கணக்கில்லை. ஒரு தரப்பு பாதிப்பைக் கண்டுபிடித்துக் காட்டும். மறு தரப்பு மறுக்கும். ஆனால் வெளியிலிருந்து வந்தது எதுவாயினும் அது சுயத்தைக் குறைத்துவிடும் என்பதில் இரண்டு தரப்பும் சொல்லாமலே ஒத்துப்போகின்றன. இந்த ஒப்புதல்மீதுதான் எனக்குச் சந்தேகம். தூத்துக்குடியில் ஒரு பழைய மோட்டார் சைக்கிளின் டைனமோவுக்கு உயிர் வந்ததைப் பக்கத்தில் நின்று பார்த்த பிறகு அந்தச் சந்தேகத்துக்கு ஒரு ஸ்தூலமான உருவம் கிடைத்தது.

வண்டி பிஎஸ்ஏ எம்20. 500 சிசி, சைடு வால்வ். இரண்டாம் உலக யுத்தத்துக்காக அந்தக் கம்பெனி சுமார் 1,26,000 எம்20 வண்டிகள் செய்தது. ராணுவம் கழித்துவிட்ட ஒன்று என் நண்பர் வீட்டுக்கு வந்து மூன்றாவது தலைமுறை இப்போது ஓட்டுகிறது. அதில் மேக்னெட்டோவும் டைனமோவும் ஒன்றன்மேல் ஒன்றாக ஒரே கட்டாக இருக்கும். லூகாஸ் அதற்கு மேக்டைனோ என்று பெயரிட்டிருந்தது. கீழே இருக்கும் மேக்னெட்டோவில் நிரந்தரக் காந்தம். பிளக்குக்குப் பொறி தருவது அதுதான். அதற்கு பேட்டரியும் வேண்டாம், டைனமோவும் வேண்டாம். மேலே இருக்கும் டைனமோ விளக்குக்கும் பேட்டரிக்கும் மட்டும். ஆகவே டைனமோ செத்தாலும் வண்டி ஓடும். நண்பரின் வண்டி பல வருஷங்கள் அப்படித்தான் ஓடிற்று. பொழுது சாய்வதற்குள் வீடு திரும்பிவிட வேண்டும், அவ்வளவுதான். “ஓடுதுல்லா, பொறவு என்ன?” என்பார். பொறி இருக்கிறது, வெளிச்சம் இல்லை, அதனால் இருட்டுக்குமுன் வீடு சேர்ந்துவிடுவது என்ற ஏற்பாடு எழுத்துக்காரர்களுக்கும் பரிச்சயமானதுதான். முதல் தொகுப்போடு நின்றுபோனவர்கள் எல்லாரும் எழுதாமல் இருந்துவிடவில்லை.

மேக்னெட்டோவின் காந்தம் எஃகில் ஏற்றி நிறுத்தியது. டைனமோவில் அப்படி எதுவும் இல்லை. அதில் இருப்பது மெதுவான இரும்பும் அதைச் சுற்றிய கம்பியும். நடுவில் ஆர்மேச்சர் சுழன்றால் மின்சாரம் வரும். ஆனால் அது வருவதற்குச் சுற்றிலும் காந்தப்புலம் வேண்டும். புலம் எங்கிருந்து வரும்? அதே மின்சாரத்திலிருந்து. மின்சாரம் இருந்தால் காந்தம், காந்தம் இருந்தால் மின்சாரம். தர்க்கப்படி இது தொடங்கவே முடியாத வட்டம். தொடங்குவதற்குக் காரணம், ஒருமுறை காந்தமான இரும்பு அதை முழுக்க மறப்பதில்லை. போன ஓட்டத்தின் எச்சம் கொஞ்சம் தங்கியிருக்கும். அந்த அற்பக் காந்தத்தில் ஆர்மேச்சர் சுழன்று அற்ப மின்சாரம் தரும். அது கம்பிச் சுற்றுக்குப் போய்க் காந்தத்தைக் கூட்டும். கூடிய காந்தம் இன்னும் மின்சாரம் தரும். இரும்புக்குத் தாங்கும் எல்லை வரை இப்படி ஏறும். 1867 ஜனவரியில் வெர்னர் சீமன்ஸ் இதை பெர்லினில் அறிவித்தார். பிப்ரவரியில் லண்டன் ராயல் சொசைட்டியின் ஒரே கூட்டத்தில் சீமன்ஸ் பெயரிலும் வீட்ஸ்டன் பெயரிலும் இதே விஷயம் பேசப்பட்டது. ஹங்கேரியின் யேட்லிக் அதற்கும் முன்பே இதை எட்டியிருந்தார். தானே தன்னைத் தொடங்கிக்கொள்ளும் யந்திரத்தையே யார் தொடங்கினார் என்பதில் தகராறு.

மெக்கானிக்கிடம் இதையெல்லாம் சொல்லவில்லை. கடற்காற்றும் உப்பளக் காற்றும் மாறி மாறி வீசும் ஊரில் செம்பில் பச்சை பூப்பது சகஜம். எனவே அவர் முதலில் அழுக்கைத்தான் பார்த்தார். கம்யூட்டேட்டரைத் தேய்த்தார், செம்புப் பட்டைகளுக்கு நடுவே இருந்த மைக்காவைச் சுரண்டித் தாழ்த்தினார், கார்பன் பிரஷ்கள் சரளமாக இறங்குகின்றனவா என்று பார்த்தார். கம்பிச் சுற்று அறுபடவில்லை என்பதையும் உறுதி செய்துகொண்டார். பிறகு இரண்டு வயரையும் கழற்றிவிட்டு, டி என்ற முனையில் மீட்டரை வைத்து என்ஜினை ஓட்டச் சொன்னார். எச்சக் காந்தம் இருந்தால் ஒன்றிரண்டு வோல்ட்டாவது காட்டியிருக்க வேண்டும். முள் அசையவில்லை. “காந்தம் செத்துக் கெடக்கு, அண்ணாச்சி” என்றார். என்ஜினை நிறுத்தி, பேட்டரியின் எர்த் ஆகாத முனையிலிருந்து ஒரு வயரை இழுத்து எஃப் என்ற முனையில் தொட்டார். சிறு பொறி. எடுத்துவிட்டார். அவ்வளவுதான். டியையும் எஃப்பையும் சேர்த்து ஒரு பல்பைக் கோத்து மறுபடி ஓட்டியபோது இழை முதலில் சிவந்தது, பிறகு மஞ்சளாயிற்று, பிறகு பார்க்கக் கூசிற்று.

இந்த வெளிச்சம் யாருடையது? பேட்டரியுடையது என்று சொல்ல முடியாது. தொட்ட கணத்தில் பாய்ந்த மின்சாரம் கம்பிச் சுற்றைக் கடந்து எர்த் வழியாகப் பேட்டரிக்கே திரும்பிப் போய்விட்டது. டைனமோவில் அது துளியும் தங்கவில்லை. தங்கியது இரும்பில் ஒரு சாய்வு. அந்தச் சாய்வை வெளிச்சமாக்கியது டைனமோவின் சொந்தச் சுழற்சி.

இதே ஊரில் இதற்கு நேர் எதிரான ஒரு தொடக்கமும் உண்டு. 1961க்குப் பிறகு தூத்துக்குடிப் பார்களில் பழைய முறையில் முத்துக்குளிப்பு நடக்கவில்லை. 1973இல் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கே. அழகர்சுவாமியும் உடனிருந்தவர்களும் இங்கே வளர்ப்பு முத்து உண்டாக்கிக் காட்டினார்கள். ஓட்டைக் கடைந்து உருட்டிய மணி ஒன்றையும் இன்னொரு சிப்பியின் மேலுறைத் துணுக்கையும் சிப்பிக்குள் வைக்கிறார்கள். சிப்பி அதன்மேல் தன் பளபளப்பைப் பூசிக்கொண்டே போகிறது. சுவாதி நட்சத்திரத்து மழைத்துளிதான் முத்தாகிறது என்று நம்பியவர்களும் தொடக்கம் வெளியிலிருந்து வருவது என்றே சொன்னார்கள். ஆனால் இங்கே வெளியிலிருந்து வந்தது போகவில்லை. உள்ளேயே இருக்கிறது. முத்தை அறுத்தால் பெரும்பகுதி அந்த மணிதான்; சிப்பியின் பங்கு மேற்பூச்சு. விஞ்ஞானமாக இது சாதனை, சந்தேகமில்லை. எழுத்தில் இதே காரியம் நடக்கும்போது எனக்கு மரியாதை வருவதில்லை. காஃப்காவை உருட்டி உள்ளே வைத்து மேலே ஒரு அக்ரஹாரத்தையோ ஒரு சேரியையோ பூசிய கதைகளை நாம் முத்து என்று பரிமாறிக்கொண்டிருக்கிறோம். பாதிப்பைக் கண்டுபிடிப்பதாகச் சொல்லும் விமர்சகர்கள் இந்த இரண்டு தொடக்கங்களையும் ஒன்றாக எண்ணுவதால்தான் அவர்கள் காரியம் துப்பறிதலாகவே நின்றுவிடுகிறது. உள்ளே மணி இருக்கிறதா, சாய்வு மட்டுமா என்பதல்லவா கேட்க வேண்டியது?

சுயம் ஒன்றே போதும் என்பவர்களுக்கும் இந்த டைனமோவில் ஒரு பதில் இருக்கிறது. எச்சக் காந்தம் சரியாக இருந்தும் ஆர்மேச்சர் எதிர்த் திசையில் சுழன்றால், பிறக்கும் மின்சாரம் அந்த எச்சத்தைக் கூட்டுவதற்குப் பதிலாகக் கரைக்கும். தன் சொந்த உழைப்பே தன் மிச்சத்தைத் தின்னும். கம்பி அறுந்திருந்தாலோ நூறு முறை தொட்டாலும் பலனில்லை. வெளியிலிருந்து என்ன வந்தும் நம்மிடையே ஒன்றும் ஏறவில்லை என்று புலம்புகிறவர்கள், வந்ததன் தரத்தை ஆராய்வதோடு நம் சுற்றுகளையும் கொஞ்சம் சோதித்துப் பார்க்கலாம்.

ஆனால் என்னைத் தொந்தரவு செய்வது தொட்டவனின் பொறுப்பு. எந்த முனையால் தொடுகிறோமோ அந்தத் திசையில்தான் டைனமோ இனி மின்சாரம் தரும். பழைய பிரிட்டிஷ் வண்டிகளில் எந்த முனை எர்த் என்பது காலத்துக்குக் காலம் மாறியது. மாற்றித் தொட்டாலும் டைனமோ மறுக்காது. அதே வேகத்தில் ஏறும். பல்பு அதே பிரகாசத்தில் எரியும். இழைக்குத் திசை தெரியாது. வண்டியில் பொருத்தி, கட்-அவுட் மூடிக்கொண்ட பிறகுதான் டைனமோவும் பேட்டரியும் ஒன்றையொன்று உந்தித் தொடுமுனைகளைக் கருக்கும். பிரகாசத்தை வைத்துச் சரியாகத் தொட்டோம் என்று முடிவு செய்ய வழியே இல்லை. இளைஞன் ஒருவனிடம் ஒரு புத்தகத்தை நீட்டுகிறோம், ஒரு சொல் சொல்கிறோம், அவன் பற்றிக்கொள்கிறான். நமக்குப் பெருமையாக இருக்கிறது. அவனுக்குள் ஏற்கனவே என்ன சேர்ந்திருக்கிறது, எந்த முனை மண்ணோடு இணைந்திருக்கிறது என்று நாம் பார்த்தோமா? தொட்ட கை ஒரு கணத்தில் விலகிவிடுகிறது, ஓட்டுகிறவன் அவன். நம்மால் எழுத வந்தவர்கள் என்று நாம் பட்டியல் போடும்போது கருகிப்போனவர்களை அதில் சேர்ப்பதில்லை.

டைனமோவை மாட்டி முடித்த பிறகு மெக்கானிக் பேட்டரிப் பெட்டியின் உட்பக்கத்தைத் துணியால் துடைத்து, எந்த முனை எர்த் என்று சிவப்புப் பெயின்டில் எழுதினார். எழுத்து காய்கிற வரைக்கும் மூடியைப் போட விடவில்லை. “அடுத்தால எவன் தொடப் போறானோ” என்றார்.