உள்ளே விழாத பந்து

மாயா மூரைப் பற்றிச் சொன்னதும் நண்பன் கேட்டான்: “உச்சத்துல இருக்கறப்ப விட்டுட்டுப் போறது திறமைக்குப் பண்ற துரோகம் இல்லையாடா?” எனக்கு உடனே பதில் வரவில்லை.

மினசோட்டா லிங்க்ஸ் அணியோடு 2011, 2013, 2015, 2017 என நான்கு டபிள்யூஎன்பிஏ பட்டங்கள், இரண்டு ஒலிம்பிக் தங்கங்கள். அப்படிப்பட்ட மூர், 2019 பிப்ரவரியில், 29 வயதில், அந்த சீசனில் ஆடப்போவதில்லை என்று அறிவித்தார். ஜொனாதன் அயன்ஸ் என்பவரின் வழக்குக்காகத் தன் நேரத்தைக் கொடுத்தார். 16 வயதில் கைதாகி, வீடு புகுந்து ஒருவரைச் சுட்டதாக 50 ஆண்டுத் தண்டனை பெற்று மிசௌரி சிறையில் இருந்தவர் அயன்ஸ். நான் செய்யவில்லை என்றே சொல்லிவந்தார். மூருக்கு அவரை 2007இலிருந்தே தெரியும்.

2020 மார்ச்சில் நீதிபதி தண்டனையை ரத்து செய்தார். அயன்ஸுடையது அல்லாத ஒரு கைரேகை பற்றிய அறிக்கை அவருடைய வக்கீலுக்குக் கொடுக்கப்படவே இல்லை. ஜூலை 1 அன்று அயன்ஸ் வெளியே வந்தார். அதே ஆண்டு இருவரும் திருமணம் செய்துகொண்டார்கள். மூர் மறுபடி ஆட வரவில்லை. 2023இல் ஓய்வை அறிவித்தார்.

கதை இப்படி முடிந்ததால் நமக்குத் தீர்ப்புச் சொல்வது சுலபம்: ஜெயிச்சாச்சு, அப்போ சரிதான். ஆனால் 2019 பிப்ரவரியில் மூருக்கு இந்த முடிவு தெரியாது. மனு தள்ளுபடியாகியிருந்தால் அவர் செய்தது தவறாகிவிடுமா?

பள்ளியில் எங்கள் கோச் சொல்வார்: “பந்து உள்ள விழுந்துச்சான்னு பாக்காத. எடுக்க வேண்டிய ஷாட்டான்னு பாரு.” நல்ல ஷாட்டும் ரிங்கில் பட்டு வெளியே போகும். கண்ணை மூடிக்கொண்டு எறிந்தது சில நேரம் உள்ளே விழும். எறிகிற கணத்தில் நமக்கு என்ன தெரிந்திருந்தது என்பதை வைத்துத்தான் அது நல்லதா கெட்டதா என்று சொல்ல முடியும்.

மூருக்குத் தெரிந்திருந்தது இவ்வளவுதான்: தனக்குப் போவது சில சீசன்கள், அயன்ஸுக்குப் போய்க்கொண்டிருப்பது ஆயுள். அவருக்காக ஏற்கனவே சிலர் போராடிக்கொண்டிருந்தார்கள். மூர் பேசியபோது ஊர் கேட்டது. அந்தக் குரலைக் கொடுத்தது கூடைப்பந்து. அப்படியானால் அவர் திறமையை வீசி எறியவில்லை, சேர்த்துவைத்ததைச் செலவழித்தார். அணிக்கும் ரசிகர்களுக்கும் நஷ்டம்தான். சரியான முடிவு என்றால் யாருக்கும் வலிக்காது என்று யார் சொன்னது?

“சரி, தோத்திருந்தா?” என்றான் நண்பன்.

“அப்பவும் சரிதான்டா. ஆனா இப்படி உக்காந்து அவங்களப் பத்திப் பேசியிருக்க மாட்டோம்.”

சொன்ன பிறகுதான் உறைத்தது. தோற்றிருந்தால், வேஸ்ட் என்று சொல்லிவிட்டுப் போனவர்களில் நானும் இருந்திருப்பேன்.