காயும் பழமும்

வள்ளுவர் நட்புக்கென ஐந்து அதிகாரங்களை வகுத்தார். அவற்றுள் ஒன்று நட்பாராய்தல். வேறிரண்டு தீ நட்பும் கூடா நட்பும். ஆராய்ந்து தேரும் அவ்வறிவு வளர்ந்தோர்க்கு உரியது. ஐந்து வயதுப் பிள்ளைக்கு அஃது இனித்தான் அரும்ப வேண்டும். அப்படியாயின் அப்பிள்ளைக்குரிய நண்பர்களை நாமே ஆராய்ந்து தேர்ந்து தரலாமா? பிள்ளை பெற்ற நாம் யாவரும் விடை காண வேண்டிய வினா இது.

கம்பத்திலோ உத்தமபாளையத்திலோ மாலைப் பொழுதில் தெருவில் கோலி ஆடும் சிறுவரைச் சற்றே நோக்குவோம். குண்டு கோட்டைத் தாண்டிற்றா, இல்லையா என்று வழக்கு எழுகிறது. ஒருவன் ‘காய்’ விட்டு விலகி நிற்கிறான். ஆள் குறைந்த ஆட்டம் சுவைப்பதில்லை. விலகியவனுக்கும் கை சும்மா இருப்பதில்லை. சிறிது நேரத்தில் ‘பழம்’ விட்டுச் சேர்ந்து கொள்கின்றனர். சுவிட்சர்லாந்து அறிஞர் ழான் பியாஜே சிறுவரின் கோலியாட்டத்தைக் கூர்ந்து ஆராய்ந்து, குழந்தைகளின் அறவுணர்வு பற்றி 1932இல் நூல் வெளியிட்டார். விதி என்பது பெரியோர் இட்ட கட்டளை என எண்ணும் பிள்ளை, ஒத்த வயதினரோடு வாதிட்டும் இணங்கியுமே அது தாங்கள் அனைவரும் ஒப்பிய நியாயம் என உணர்கிறது என்பது அவர் கண்ட முடிவு.

நாமோ காய் பழமாகுமுன் குறுக்கே புகுகிறோம். பிள்ளையின் கையைப் பற்றி எதிர்வீட்டுக்கு நியாயம் கேட்கச் செல்கிறோம். மறுநாள் பிள்ளைகள் கூடி ஆடுகின்றனர்; பெரியோர் ஆண்டுக்கணக்கில் முகம் கொடுப்பதில்லை. “மன்னிப்புக் கேள்” என்று அதட்டி வாங்கும் சொல்லிலும் பயனில்லை. தானாய்க் கனியாததைத் தடிகொண்டு கனிவிக்க முடியுமா?

ஆயினும், எளிய பிள்ளை ஒன்று நாள்தோறும் அடிபடும்போதும் ஒதுக்கப்படும்போதும் வாளாவிருப்பது அறமாகாது. அமெரிக்காவின் சிகாகோ நகரில் மழலையர் வகுப்பு நடத்திய விவியன் பேலி, ‘உனக்கு ஆட்டத்தில் இடமில்லை என்று யாரும் சொல்லலாகாது’ என்று ஒரு விதியை ஏற்படுத்தினார். அதுபற்றி 1992இல் நூலும் எழுதினார். அவ்விதியைத் திடீரெனச் சுமத்தாமல், அது நியாயமா, நடக்கக் கூடியதா எனப் பிள்ளைகளிடமே பேசிப் பார்த்தார். இன்னாரை நேசி என எவரும் கட்டளையிட இயலாது. எவரையும் வெளியே தள்ளாதே எனக் கற்பிக்க இயலும்.

இனி, “அவனோடு சேராதே” என்னும் சொல்லை எண்ணிப் பார்ப்போம். சிலவேளை அவன் செயல் அதற்குக் காரணமாகலாம். பலவேளை அவன் தெருவும், சாதியும், மதமும், தாயின் தொழிலுமே காரணம். விடியுமுன் ஜீப்பில் ஏறி, கம்பம்மெட்டு, போடிமெட்டு வழியே இடுக்கியின் ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் தாய்மார் நம் பள்ளத்தாக்கில் பலர். அவ்வீடுகளில் இளைய பிள்ளைக்குச் சோறிட்டுத் தேற்றுவது பெரும்பாலும் மூத்த பிள்ளையே. பகிர்வதையும் பொறுப்பதையும் அப்பிள்ளை வாழ்ந்தே கற்றது. அதனைக் கவனிப்பாரற்றதென ஒதுக்குவோர், தம் பிள்ளைக்கு வாய்த்த நல்லாசிரியரை அன்றோ இழக்கின்றனர்!

2011 டிசம்பரில் முல்லைப் பெரியாற்றுச் சிக்கல் முற்றியபோது எல்லைச் சாலைகளில் மறியல் நடந்தது. தோட்டங்களில் வேலை செய்த தமிழர் பலர் அஞ்சி ஊர் திரும்பினர். 1895 முதல் மலைக்கு அப்பால் பெய்த மழை இப்பால் வயல்களை நனைத்து வருகிறது. உரிமை வழக்கை நீதிமன்றத்தில் நடத்தலாம், நடத்தவும் வேண்டும். ஆனால், வீட்டில் நாம் உதிர்க்கும் ‘அவர்கள்’ என்ற ஒற்றைச் சொல்லில் முகமறியாப் பிள்ளையையும் பகையாக்கும் நஞ்சு இருக்கிறது. மலைக்கு இருபுறமும் இது பொருந்தும்.

ஆகவே நாம் செய்யத்தக்கவை சிலவே. “அவன் கெட்டவன்” என்னாது “அச்செயல் தவறு” என்போம். பூசல் எழுந்தால் ஓங்கிய கையைத் தடுப்போம், இருவரையும் பேச விடுவோம், “இதனை எவ்வாறு சரிசெய்வீர்கள்?” என்று கேட்டுக் காத்திருப்போம். வேறு தெருப் பிள்ளை நம் வாசலுக்கு வந்தால், நம் பிள்ளைக்கு வைத்த தட்டுக்கருகே இன்னொரு தட்டு வைப்போம். தேர்ந்து கொள்ளும் அறிவு வயதோடு வரும். அதற்கு முன் சேர்ந்து வாழும் பழக்கம் வந்திருக்க வேண்டும். அதற்குரிய காலமோ இளமைதான்.