மாறுதலின் மூலப்பிரதி

பழைய பொருளை அதன் பழைய நிலையிலேயே காப்பாற்றுவது கடமை என்பது விவாதத்துக்கே வராமல் ஒப்புக்கொள்ளப்பட்டுவிட்ட விஷயம். கட்டிடமோ, பிரதியோ, யந்திரமோ, எதற்கும் 'மூலம்' என்று ஒன்று உண்டு, அதிலிருந்து விலகுவது சிதைவு என்று கொள்கிறோம். இந்த நம்பிக்கைக்குச் சங்கடம் உண்டாக்குகிற பொருள்கள் சில இருக்கின்றன. அமெரிக்காவின் 'ஹாட் ராட்' கார் அவற்றில் ஒன்று. அதன் மூலமே ஒரு சிதைவுதான்.

1930களில் தெற்குக் கலிஃபோர்னியாவில், கையில் அதிகம் காசில்லாத இளைஞர்கள் பழைய ஃபோர்டு கார்களை வாங்கி, மட்கார்டு, ஃபுட்போர்டு, பானெட் எல்லாவற்றையும் கழற்றி எறிந்துவிட்டு, மியூராக் போன்ற வறண்ட ஏரிப்படுகைகளில் அவை எவ்வளவு வேகம் போகின்றன என்று பார்த்தார்கள். 1937இல் அவர்களுடைய கிளப்புகள் ஒன்றுசேர்ந்து தெற்குக் கலிஃபோர்னியா டைமிங் அசோஸியேஷனை ஏற்படுத்தின. 1949இல் பானவில் உப்புவெளியில் முதல் வேகவாரம் நடந்தது. இவர்களுக்கு மிகவும் உகந்ததாக இருந்தது 1932 ஃபோர்டு. 221 கன அங்குலம், 65 குதிரைசக்தி கொண்ட அதன் வி-8 எஞ்சின், எட்டு சிலிண்டரை சாமானியனுக்கு எட்டும் விலைக்குக் கொண்டுவந்தது. சில வருஷங்களில் அது இரண்டாம் கைக்கு, மூன்றாம் கைக்கு வந்தது. அந்தக் கைகள்தான் அதை வெட்டின.

டாம் வுல்ஃப் 1963இல் எஸ்குவையர் பத்திரிகையில் எழுதிய கட்டுரை இந்த உலகத்தைக் கலையுலகமாகப் பார்த்தது. ஜார்ஜ் பாரிஸ் போன்றவர்களைச் சிற்பிகளுக்குச் சமமாக வைத்துப் பேசியது. ஆனால் அவர் வியந்தது பெரும்பாலும் அலங்காரத்துக்காக மாற்றப்பட்ட கார்களை. அவற்றின் வளைவுகளை, வர்ணங்களை. ஹாட் ராடின் அழகு வேறு ஜாதி. அது தேவையில்லாததைக் கழித்ததால் மிஞ்சியது. அழகை உத்தேசித்து எதையும் சேர்த்ததால் வந்ததில்லை.

கழித்ததோடு வேலை முடிவதில்லை. யந்திரத்தில் ஒரு உறுப்பை மேம்படுத்தினால் மற்ற உறுப்புகள் எல்லாம் அதற்குப் பதில் சொல்லவேண்டி வருகிறது. அந்த வி-8இல் எரிந்த புகை எஞ்சின் பிளாக்கின் ஊடாகவே வெளியேறுகிறது. அதனால் குளிர்விக்கும் தண்ணீர் இயல்பாகவே அதிகம் சூடாகும். சிலிண்டரின் அழுத்தத்தைக் கூட்டி, கூடுதலாகக் கார்புரேட்டர்களை மாட்டினால் சக்தி கூடும், சூடும் கூடும். ஏரிப்படுகையில் ஒரு ஓட்டம் சில நிமிஷங்களில் முடிந்துவிடுகிறது. அங்கு இது பெரிய குறையில்லை. நாள் முழுக்க ஊர்விட்டு ஊர் போகிறவனுக்கு இதுவே முதல் குறை. 1932 காரின் பிரேக்குகள் கம்பியால் இழுபடுபவை. ஃபோர்டு கார்களுக்கு ஹைட்ராலிக் பிரேக் வந்தது 1939 மாடலில்தான். விஷயம் தெரிந்தவர்கள் அதைக் கொண்டுவந்து 1932இல் மாட்டினார்கள். இதில் வேகமும் கூடவில்லை, பார்வைக்கும் ஒன்றுமில்லை. ஆனால் சாலையில் எதிரே வருகிற முகம் தெரியாத மனிதனுக்கு ஓட்டுகிறவன் பட்டிருக்கிற கடன் இந்த மாற்றத்தில் அடைபடுகிறது. தார்மீகம் என்று இந்தத் தொழிலில் ஏதாவது இருந்தால் அது இங்கிருந்துதான் ஆரம்பிக்கிறது என்று நினைக்கிறேன்.

டோன் ஸ்பென்சரின் 1932 ரோட்ஸ்டர் பிரசித்தமானது. சாலையிலும் ஏரிப்படுகையிலும் ஓடிய அந்தக் காரை அவர் மெக்ஸிகோவின் கரேரா பனமெரிகானாவுக்காகத் திரும்பவும் மாற்ற ஆரம்பித்தார். அது பந்தயமும் நெடும்பயணமும் ஒன்றான போட்டி. நாட்டின் ஒரு எல்லையிலிருந்து மறு எல்லைவரை நாட்கணக்கில் ஓடவேண்டும். தரையில் இடிபடாதிருக்கப் புகைக்குழாயை சேஸிஸின் ஊடாகச் செலுத்தினார். 1954க்குப் பிறகு பந்தயம் நின்றுபோயிற்று. கார் அதில் ஓடவே இல்லை. பல கைகள் மாறியபின், 1997இல், பெபிள் பீச் கார் கண்காட்சி முதன்முறையாக ஹாட் ராடுக்கென ஒரு பிரிவை ஏற்படுத்தியபோது, புதுப்பிக்கப்பட்ட இந்தக் கார் அதில் முதல் பரிசு பெற்றது.

தொழிற்சாலையிலிருந்து வந்த நிலைக்குத் திரும்புவதையே தர்மமாகக் கொண்ட ஒரு ஸ்தாபனம், அந்த நிலையை அழித்த கைவேலையை இங்கு மூலமாக ஏற்றுக்கொண்டது. இனி ஸ்பென்சரின் கை பட்ட இடத்தில் வேறு கை படக்கூடாது. ஆனால் அவருடைய கை ஓயாமல் மாற்றிக்கொண்டிருந்த கை. எந்த நாளைய கார் அவருடைய கார்? வேர்ட்ஸ்வர்த் விஷயத்தில் இந்தக் கேள்வி நமக்குப் பழக்கம். 1805இல் முடித்த 'ப்ரெலூட்'டை அவர் பல வருஷங்கள் திருத்திக்கொண்டே இருந்தார். அவர் இறந்த 1850இல்தான் அது அச்சாயிற்று. 1805 பிரதி 1926இல் வெளிவந்த பிறகு படிப்பவர்களுக்கு இரண்டு கவிதைகள் ஆயின. ஆனால் அச்சில் ஒரு பிரதி இன்னொன்றை அழிப்பதில்லை. இரும்பில் அழித்துவிடுகிறது. காரைப் புதுப்பிப்பவன் ஒரு நாளைத் தேர்ந்தெடுக்கும்போது மற்ற நாட்களை அழிக்கிறான். அதைக் 'காப்பாற்றுதல்' என்று மட்டும் சொல்லி நிறுத்திக்கொள்வது பாதி உண்மை.

அப்படியானால் இன்று ஒருவன் வெட்டலாமா? இன்றுவரை கத்தி படாமல் தப்பிய 1932 கார் ஒன்று கிடைக்கிறது. 1946இல் வெட்டியவன் செய்ததைத்தானே நானும் செய்கிறேன் என்று இவன் சொல்லலாம். கை அசைவு அதுதான், செயல் அதுவல்ல. அவன் வெட்டியது மலிந்து கிடந்த பழைய கார். இவன் வெட்டுவது திரும்பக் கிடைக்காத ஒன்று. ஒரு செயலின் நியாயம் மிச்சம் எத்தனை என்ற எண்ணிக்கையைப் பொறுத்ததா, இது என்ன கணக்குப்பிள்ளை தர்மம் என்று கேட்கலாம். ஓரளவு பொறுத்ததுதான். அடர்ந்த காட்டில் ஒரு மரத்தை வெட்டுவதும் ஊரில் எஞ்சிய ஒரே மரத்தை வெட்டுவதும் ஒன்றாகிவிடாது. தவிர, 1932 காரின் உடலைப் புதிய தகட்டிலேயே இன்று செய்து விற்கிறார்கள். தேவை என்ற நியாயமும் போய்விட்டது.

மறுகோடியில் இன்னொரு வேடிக்கை. புதிய தகட்டின்மேல் துருவைப் பெயிண்டால் வரைந்துகொள்கிறார்கள். ஏழ்மையால் வந்த தோற்றத்தைப் பணம் கொடுத்து வாங்குவது இது.

என் முடிவு இவ்வளவுதான். வெட்டப்படாததை விட்டுவிடலாம். ஸ்பென்சருடையது போன்றதைப் பாதுகாக்கலாம், அதை ஓட்டமுடியாமல் போவது நஷ்டம் என்ற பிரக்ஞையுடன். ஏற்கெனவே பெயர் தெரியாத பல கைகள் வெட்டி ஒட்டிய கார்தான் இன்று மாற்றுகிறவனுக்கு உரியது. அதில் அவன் முந்தின கைகளின் வேலையைப் படித்துப் புரிந்துகொண்டு, பிரேக்கையும் ரேடியேட்டரையும் முதலில் கவனித்து, பிறகு வேகத்துக்குப் போகட்டும்.

பவுண்டும் எலியட்டும் யாப்பைத் தளர்த்தியபோது அதை எழுதத் தெரிந்தவர்களாக இருந்தார்கள். உடைக்க யாப்பும் ஏராளமாக இருந்தது. அந்த அசைவை மட்டும் கற்றுக்கொண்டவனுக்கு முன்னால் உடைக்க என்ன இருக்கிறது என்பது கார்களைப் பற்றிய கேள்வி மட்டுமில்லை.